சந்தியா நிறுத்திய மாத்திரை

கள்ளக்குறிச்சி
வியாழக்கிழமை

கர்த்தருக்குள் அன்பான மகன் சுபாஷுக்கு அம்மா எழுதுவது. எங்கள் சுகத்தைச் சொல்லி உன் சுகத்தைக் கேட்டுத்தான் எப்போதும் தொடங்குவேன், இந்த முறை உன் சுகத்தைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. உன் மனைவி உயிரோடு இருக்கிறாள், உனக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, இதை அப்பா போனில் சொல்லியிருப்பார், மற்றதைச் சொல்லியிருக்க மாட்டார். போனில் பேசினால் கத்திவிடுவேன் என்றுதான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன், ஞாயிற்றுக்கிழமை மஸ்கட் திரும்பும் அஜித்திடம் கொடுத்தனுப்புவேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் நான் அங்கன்வாடிக்குக் கிளம்பும்போதே சந்தியாவின் முகம் வீங்கியிருந்தது. பிரஷர் மாத்திரை போட்டாயா என்று கேட்டேன், போட்டேன் அத்தை என்றாள், நானும் நம்பிப் போய்விட்டேன். பதினோரு மணிக்குப் பிள்ளைகளுக்கு முட்டை உரித்துக்கொண்டிருந்தேன், அந்த வீங்கிய முகமே கண் முன்னால் வந்து நின்றது. வானத்திலிருந்து சத்தம் ஒன்றும் கேட்கவில்லை சுபாஷ். மனதுக்குள் எழுந்து போ என்று இருந்தது, ஆயாம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனேன். வீட்டில் அவள் அடுப்படியில் விழுந்து கை கால் இழுத்துக்கொண்டு கிடந்தாள், வாயில் நுரை. எட்டு மாத வயிறு. மலைக்கு ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். புளி வாங்க வந்திருந்த ஷேக் மைதீன் பாய்தான் என் அலறல் கேட்டு ஓடி வந்தார், வண்டியில் ஏற்றிய மூட்டைகளையெல்லாம் ரோட்டிலேயே இறக்கிப் போட்டார். புளி கெட்டுப்போகுமே என்று யாரோ சொன்னதற்கு, "மூட்ட கெடக்குது வுடுங்க, புள்ளய ஏத்துங்கம்மா, நான் பாத்து ஓட்டிக்கினு வரேன்" என்றார். கொண்டை ஊசி வளைவு முழுக்க அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு இயேசுவே இயேசுவே என்று சொல்லிக்கொண்டே வந்தேன், வேறு எதுவும் வாயில் வரவில்லை. வந்ததும் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். ஒன்றே முக்கால் கிலோ, கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள்.

நேற்றுதான் சந்தியாவுக்கு நினைவு தெளிந்தது. இருபது நாளாக மாத்திரை போடவில்லை, அரிசி டிரம்முக்குள் போட்டுவிட்டேன், அவர்தான் நிறுத்தச் சொன்னார் என்று அழுதாள். நீ கூடுகிற ஜெபக்குழுவில் யாரோ பேசினானாம், மாத்திரை போட்டால் விசுவாசம் கம்மி என்று, உடனே உனக்கும் இயேசு அதையே சொன்னாராம். உனக்குச் சளி பிடித்தால் கம்பெனி டாக்டரிடம் போகிறாயே, அன்றைக்கு உன் விசுவாசம் எங்கே போனது? நானும் இருபத்தைந்து வருஷமாக இயேசுவைக் கேட்டுத்தான் நடக்கிறேன். பக்கத்து வீட்டில் சமாதானம் பண்ணச் சொல்லியிருக்கிறார், கோபத்தை அடக்கச் சொல்லியிருக்கிறார், அது எனக்கு இன்னும் வரவில்லை. அடுத்தவர் உயிரை வைத்து உன் விசுவாசத்தைக் காட்டு என்று ஒரு நாளும் சொன்னதில்லை. உன் ஆசைக்கும் பயத்துக்கும் அவர் பெயரை வைக்காதே. அவரை நம்பினால் மாத்திரை கொடுக்க அவர் அனுப்புகிற நர்சையும் நம்ப வேண்டும், புளி வண்டிக்காரரையும் நம்ப வேண்டும். உன் அப்பா அதிகம் பேசாதவர், அவரே, "அவன் இன்னா படிச்சான் பைபிள்ல" என்று கேட்டுவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

என் மேலும் எனக்குக் கோபம்தான். தினமும் போட்டாயா என்று கேட்டேனே, ஒரு நாள் கையில் கொடுத்து விழுங்கச் சொல்லவில்லை.

கர்த்தர் உன்னைக் காக்கட்டும், உன் கண்ணைத் திறக்கட்டும், இதையும் ஜெபமாகத்தான் எழுதுகிறேன். வேளைக்குச் சாப்பிடு. லீவு கேட்டு வந்து சேர். வரும் முன் சந்தியாவிடம் பேசு, வசனம் சொல்லாதே, மன்னிப்புக் கேள், அவள் போனை எடுக்கும் வரை கூப்பிடு. குழந்தைக்கு என்ன பெயர் என்று ஜெபக்குழுவில் கேட்காதே, பெற்றவளைக் கேள்.

உன் மேல் கோபமாக இருக்கும்
அம்மா
பூமாலை