கடப்படியோடு நின்ற சிரிப்பு

நேற்றுப் பின்னேரம் எங்கள் ஒழுங்கையால் ஒரு ஆட்டோ போனது. கூரையில் ஒலிபெருக்கியைக் கட்டி, மரண அறிவித்தல் சொல்லிக்கொண்டு போகிற ஆட்டோ. நான் முற்றத்துக் கொடியில் காய்ந்த உடுப்புகளை எடுத்துக்கொண்டிருந்தேன். "பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட..." என்று அந்தக் குரல் இழுக்கத் தொடங்கியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாரோ ஒரு மனிதர் இறந்திருக்கிறார், அவருடைய பிள்ளைகள் அழுதுகொண்டிருப்பார்கள், நான் கையில் துவாயோடு நின்று சிரிக்கிறேன். பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"என்னகா, தெரிஞ்ச ஆக்களா?"

இல்லை என்று தலையாட்டினேன். அதற்குள் சிரிப்பு அழுகையாகிவிட்டது. துவாயால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அவளுக்கு நான் என்ன விளக்கம் சொல்ல?

எல்லாம் உன்னால் வந்த வினை. இந்த ஊரில் இனி ஒரு சாவுச் செய்தியையும் நான் ஒழுங்காகக் கேட்க முடியாதபடி செய்துவிட்டாய். செய்துவிட்டு நீயும் போய்விட்டாய். உன்னோடு எனக்குக் கோபம்தான். ஆனாலும் கதைக்க வேறு ஆளில்லாதபடியால் உனக்கே எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம், பதின்மூன்றாம் ஆண்டு, கலைப்பிரிவு. பரீட்சைக்குப் படிக்க எங்களை வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் பன்னிரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் பிரியாவிடை வைத்தார்கள். மண்டபம் முழுக்கப் பலூன். பாதி பலூன் வெக்கைக்கு வெடித்து, ஒவ்வொரு வெடிக்கும் பெடியன்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்கள். எங்கள் ஒவ்வொருவருக்கும் மட்டையில் வெட்டிய கிரீடமும் ஒரு பட்டமும் தந்தார்கள். எனக்கு 'ஊமை ராணி'. உனக்கு 'நடமாடும் வானொலி'. இரண்டும் சரியான பட்டங்கள். மேடையில் ஏறினால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். உனக்கு மேடையே தேவையில்லை, நாலு பேர் நின்றால் போதும். அதனால் நான் எழுதுவேன், நீ பேசுவாய். அப்படித்தான் எங்களுக்குள் ஒப்பந்தம்.

பிரியாவிடையில் நீ வாசித்த அறிவித்தலையும் நான்தான் எழுதினேன். குருக்கள்மடத்திலிருந்து பட்டணத்துக்குப் போகிற பஸ்ஸில், மடியில் கொப்பியை வைத்துக்கொண்டு. யோசனை உன்னுடையது. "எல்லாரும் பாட்டுப் படிப்பாங்க, கவிதை வாசிப்பாங்க. நாம செத்தவீட்டு அறிவித்தல் போடுவம்கா" என்றாய். எனக்குப் பயமாக இருந்தது. உனக்கு எதற்குத்தான் பயம்?

கேக் வெட்டி முடிந்ததும் நீ போய் ஒலிவாங்கியைப் பிடித்தாய். தொண்டையைச் செருமினாய். அந்த ஒலிபெருக்கிக் குரல் அப்படியே வந்தது, ஆட்டோ தூரத்தில் வந்து கிட்டடியில் வந்து கடந்து போவது உட்பட.

"மரண அறிவித்தல். மண்டபத்தின் பின்பக்கத்தைப் பிறப்பிடமாகவும், கன்டீனை வசிப்பிடமாகவும் கொண்ட பதின்மூன்றாம் ஆண்டு கலைப்பிரிவு அவர்கள் இன்று மதியம் காலமானார். அன்னார், காலஞ்சென்ற வீட்டுப்பாடம், காலஞ்சென்ற ஒழுக்கம் தம்பதிகளின் பாசமிகு புத்திரியும், கடைசி வரிசை வாங்கின் அன்புத் துணைவியும், அளவையியல் பாடத்தின் ஆருயிர் எதிரியும் ஆவார். அன்னாரின் பூதவுடல் அதிபர் அலுவலக வாசலில் முழங்காலில் அஞ்சலிக்காக வைக்கப்பட்டு, பின்னர் பரீட்சை மண்டபத்தில் நல்லடக்கம் செய்யப்படும். உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ளவும். தகவல், கன்டீன் மாமா."

மண்டபம் கூரை பறக்கச் சிரித்தது. அந்த நேரம் பார்த்து உப அதிபர் எழும்பினார். அளவையியல் படிப்பித்தவரும் அவர்தான். சிரிப்பு ஒரு பக்கமாக அடங்கிக்கொண்டு வந்தது. நான் முன்னால் இருந்தவளின் முதுகுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன், எழுதியது நானல்லவா. அவர் உன்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அறிவித்தலில ஒரு குறை இரிக்கு பிள்ள. அன்னாரின்ட மாமனார் ஆர் எண்டு சொல்லல்ல. கொடுமைக்கார மாமனார் எண்டு என்ட பேரையும் சேர்த்து வாசிங்க."

நீ வாசித்தாய். அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். கொஞ்ச நேரத்தில் ஒருத்தி அழத் தொடங்கினாள், பிறகு எல்லோரும். பெடியன்கள் பேனையை எடுத்துக்கொண்டு வந்து வெள்ளைச் சட்டைகளில் பெயர் எழுதினார்கள். உன் சட்டையில் எழுத இடமில்லாமல் கொலரின் உள்பக்கத்தில்தான் நான் எழுதினேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் முழுப் பஸ்ஸுக்கும் அதை இன்னொரு முறை செய்து காட்டினாய். கொண்டக்டர் ரிக்கட் கிழிக்க மறந்து நின்றான். இறங்கியதும் நீ உன் வீட்டுக்குப் போகாமல் என்னோடு வந்தாய். மையெழுத்துச் சட்டையைக் கழற்றி எங்கள் வீட்டில் வைத்துவிட்டு என்னுடைய சட்டையை மாட்டிக்கொண்டாய்.

"ஏன்கா, சட்டையைப் பார்த்தா அப்பா பேசுவாரா?"

"பேச மாட்டார். அவர் ஒண்டும் கதைக்கவே மாட்டார்."

உன்னைக் கொண்டுபோய் விட நானும் வந்தேன். உன் வீட்டுக் கடப்படியில், வேலிக்கும் முற்றத்துக்கும் நடுவில் அந்த இடைவெளியில், நீ ஒரு கணம் நின்றாய். பின்னலை நேராக்கினாய். முகத்திலிருந்த அவ்வளவு சிரிப்பையும் செருப்பைக் கழற்றுவதுபோலக் கழற்றி வெளியே விட்டுவிட்டு உள்ளே போனாய். அதற்கு முன்னும் எத்தனையோ முறை பார்த்திருந்தேன். உனக்கு அப்பாவில் பயம் என்றுதான் நினைத்தேன்.

உங்கள் வீட்டுக் கதை எல்லோருக்கும் தெரியும், ஆகையால் யாரும் கேட்பதில்லை. உன் அப்பா எங்கள் ஊர்ப் பிள்ளை. கலியாணம் முடித்து, எங்கள் பக்கத்து முறைப்படி மனைவியின் ஊரான வாகரைக்குப் போனவர். சுனாமி உன் அம்மாவையும் தம்பியையும் கொண்டுபோன பிறகு, உன் கையைப் பிடித்துக்கொண்டு அக்காவின் வீட்டு வளவுக்குத் திரும்பி வந்தார். கடலில் தொழில் செய்த மனிதர் பிறகு கடல் பக்கம் போகவேயில்லை. கூப்பிடு தூரத்தில் கடற்கரை இருந்தும் வாவியோடு நின்றுவிட்டார். ஒரு தோணி, கொஞ்ச வலை, நீ. அவ்வளவுதான் அவருடைய உலகம்.

பிறகு எங்களுக்கு வேலைக்குப் போகிற வயது வந்தது. எனக்குப் பிரதேச சபையில் வேலை. 'மேற்படி விடயம் தொடர்பாக' என்பதற்கு மேல் நான் எழுதுவது இப்போது ஒன்றுமில்லை. உனக்குத் தபால் கந்தோர். முத்திரை வாங்க வருகிறவர்கள் உன் யன்னலில்தான் வரிசையில் நிற்பார்கள் என்றும், மற்ற யன்னல் காற்று வாங்கும் என்றும் கேள்வி. கலியாணம் பேசி வந்தவர்களை எல்லாம் ஏதோ பகிடி சொல்லி அனுப்பிவிட்டாய். அப்பாவைத் தனியே விட்டுப் போகமாட்டேன் என்று நேரே சொன்னால் அது நீயா?

உடம்பில் வருத்தம் வந்ததையும் அப்படித்தான் சொன்னாய். "டொக்டர் என்னைப் படம் பிடிச்சுப் பார்த்தவர்கா. முகத்தை எடுக்காம உள்ளுக்க எடுத்திரிக்கார், அதுதான் வடிவில்ல." நான் சிரிக்கவில்லை. அதற்காக என்னோடு அரை நாள் கோபம்.

ஆஸ்பத்திரி வாட்டில் நீ படுத்திருந்த கட்டிலைச் சுற்றி எப்போதும் ஆட்கள். பக்கத்துக் கட்டில் நோயாளிகளுக்கெல்லாம் பட்டம் கொடுத்திருந்தாய். பின்னேரம் உன் அப்பா சோற்றுப் பார்சலோடு வருவார். சந்தி திரும்பிய பஸ் போல உன் சத்தம் நின்றுவிடும்.

"சாப்பிட்டியா?"

"ஓம்."

"நோகுதா?"

"இல்ல."

பிறகு இரண்டு பேரும் யன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். மணி அடித்ததும் அவர் எழும்பிப் போவார். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "அந்த மனுசனோட ரெண்டு வார்த்தை சிரிச்சுக் கதைச்சா உனக்கு என்ன குறைஞ்சு போகும்?" என்று கேட்டேன். நீ போர்வையின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே சொன்னாய்.

"அவருக்கு முன்னால சிரிச்சா என்னமோ களவெடுத்தமாதிரி இரிக்கு புள்ள."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நீ சொல்லியிருக்க மாட்டாய்.

உன் செத்தவீட்டுக்கு வந்த சனம் உனக்குத் தெரியாது. தபால் கந்தோரில் முத்திரை வாங்கினவர்கள், கொண்டக்டர்மார், வாட்டில் வேலை செய்கிறவர்கள். வந்த ஒவ்வொருவரும் உன் அப்பாவின் கையைப் பிடித்து ஒன்றையே சொன்னார்கள். "என்ன பகிடி விடுற புள்ள ஐயா. எங்கள எல்லாம் சிரிக்க வச்ச புள்ள." அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிழையான வீட்டுக்கு வந்துவிட்டார்களோ என்று பார்ப்பதுபோல இருந்தது எனக்கு. எனக்கு அன்று மிகவும் வலித்தது அந்தப் பார்வைதான், மன்னித்துக்கொள், நீ கிடந்த கோலம்கூட அல்ல.

முப்பத்தோராம் நாள் எங்கள் வகுப்பில் வரக்கூடியவர்கள் எல்லோரும் வந்தோம். கிரியைகள் முடிந்து பந்தி நடந்தது. அவர் எங்களுக்கு முன்னால் வந்து பாயில் இருந்தார். பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"எல்லாரும் சொல்லுறாங்க, அவள் பகிடிக்காரி எண்டு. எனக்கு ஒரு பகிடியும் தெரியா. என்ட வீட்டில அவள் சத்தம் போட்டுச் சிரிச்சு நான் கேக்கல்ல. என்ன சொல்லித்தான் சிரிக்க வச்சவள்? ஒண்டு சொல்லுங்களன்."

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. நான் எழுதுகிற ஆள், பேசுகிற ஆள் செத்துப்போய்விட்டாள் என்று அவர்களுக்கு யார் சொல்வது? எனக்கு அந்த நேரம் தலைக்குள் வந்தது அந்த அறிவித்தல் ஒன்றுதான். வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். வரவில்லை.

"மரண அறிவித்தல்" என்று தொடங்கினேன். உன் மாமி சமையலறையிலிருந்து ஓடி வந்தா. "செத்த வீட்டில இதென்ன பகிடி! நல்ல நாள் பார்த்தீங்க!"

"நீ சும்மா இரி அக்கா" என்றார் உன் அப்பா. "சொல்லட்டும்."

சொன்னேன். நாக்கு ஒட்டியது. காலஞ்சென்ற வீட்டுப்பாடம் என்ற இடத்தில் மறந்து, வேறொருவன் எடுத்துக் கொடுத்தான். ஆட்டோ வருகிற மாதிரியும் போகிற மாதிரியும் எனக்குச் செய்யத் தெரியாது. கொடுமைக்கார மாமனார் வரைக்கும் சொல்லி முடித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"புள்ளைகள் சிரிச்சதுகளா?"

"ஓம் மாமா."

"எல்லாரும்?"

"உப அதிபரும் சிரிச்சவர்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் எழும்பப் போனேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமில்லாமல், கண்ணீர் தாடையால் வழிய.

"தாயும் இப்பிடித்தான்" என்றார். "வாகரையில செத்தவீட்டுக்குப் போனா, அழுற ஆக்களச் சிரிக்க வச்சிற்றுத்தான் வருவாள். தாயின்ட வாய்தான் இவளுக்கு. அதுதான் எனக்குக் காட்டல்ல போல, நான் தாங்க மாட்டன் எண்டு."

நீ பாவி. அத்தனை வருடமும் ஒரே கூரையின் கீழ் அவருக்காக நீ வாயைக் கட்டினாய். நீ துக்கத்திலிருக்கிறாய் என்று உனக்காக அவர் வாயைக் கட்டினார். இரண்டு பேரில் ஒருவர் ஒரு தரம் முந்தியிருந்தால் என்ன? இதை எழுதும்போதும் எனக்கு உன்னைப் பிடித்து உலுப்ப வேண்டும்போல இருக்கிறது.

அன்று புறப்படும்போது கடப்படிவரை வந்தார். "இன்னொண்டு இரிக்கா மகள்?" என்று கேட்டார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். அவர் வாவிக்கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருப்பார், நான் பக்கத்தில் தோணி விளிம்பில் இருந்து சொல்வேன். பஸ்ஸில் நீ செய்தவை, வாட்டில் சொன்னவை, டொக்டரின் படத்தைப் பற்றிச் சொன்னதுகூட. அதற்கு மட்டும் அவர் சிரிக்க நேரமெடுத்தது. ஊமை ராணி இப்போது நன்றாகத்தான் கதைக்கிறேன். உன்னளவு இல்லை.

ஆனால் ஒரு மனிதருக்கு எத்தனை பகிடிதான் எனக்கு நினைவிருக்கும்? வகுப்பு ஆட்களிடம் கேட்டேன், தபால் கந்தோரில் கேட்டேன், அவர்கள் தந்ததும் முடிந்தது. போன ஞாயிறு வெறுங்கையோடு போனேன். அவர் வலையை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "இன்டைக்கு என்ன?" என்றார்.

எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அதனால் நானே கட்டிச் சொன்னேன். ஒரு ஆச்சி தபால் கந்தோருக்கு வந்தாவாம், லண்டனில் இருக்கிற மகனுக்கு ஒரு உயிர் நண்டு அனுப்ப வேண்டுமாம். நீ கோபப்படாமல் நண்டைத் தூக்கி யன்னலில் வைத்து, குனிந்து அதன் முகத்தைப் பார்த்து, "பாஸ்போட் எடுத்திற்றியா மகன்?" என்று கேட்டாயாம்.

அப்படி ஒரு ஆச்சி வரவில்லை. அப்படி ஒரு நண்டும் இல்லை. உன் அப்பா வாய்விட்டுச் சிரித்தார். வாவியில் தோணி வலித்துக்கொண்டு போன ஒருவர் திரும்பிப் பார்த்தார். சிரித்து முடித்து, சாரத்தின் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"ஓம் மகள், அவள் அப்பிடித்தான். சின்னப் புள்ளயிலயே நண்டோட கதைக்கிறவள். எனக்குத் தெரியும்."