கன்னத்துக்குள் நூல்

ரிங்லெட்,
9.6.1985

அன்பு மகள் திலகத்துக்கு அப்பா சின்னையா எழுதுவது.

இங்கே பாதி சுகம். மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். பதிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெசர் சுகுமாரன் பெயருக்குப் போடு. அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

முதலில் நல்ல செய்தி. மழை விட்டு விட்டுப் பெய்கிறது, கொழுந்து நன்றாக வருகிறது. என்னை ஃபேக்டரியிலிருந்து அனுப்பிய பிறகு அடுப்படி என் கைக்கு வந்துவிட்டது. நேற்று நான் வைத்த ரசத்தைப் பக்கத்து வீட்டு வேலாயி அக்கா ருசி பார்த்துவிட்டு, "தம்பி, இது துணி அலசுன தண்ணியா?" என்று கேட்டாள். ஆறாம் வகுப்புவரை படித்தவனுக்கு இவ்வளவுதான் வரும்.

இனி விஷயம். அம்மாவின் அடையாளக் கார்டில் இருக்கும் வயது பொய் என்று உனக்குத் தெரியுமா? அவள் சின்னப் பிள்ளையாக மலைக்கு வேலைக்குப் போனபோது அரை ஆள் சம்பளம்தான் கொடுத்தார்கள். உன் தாத்தா கங்காணியைப் பிடித்து, வயதை அஞ்சாறு கூட்டிச் சொல்லி, செக்ரோல் என்கிற ஆள் கணக்குப் புத்தகத்தில் முழு ஆளாகப் பதிய வைத்துவிட்டார். அந்த நாளில் பாதிப் பேர் வீட்டில் இதுதான் வழக்கம். பிறகு அரசாங்கத்தார் கார்டு கொடுக்க வந்தபோது செக்ரோலில் இருந்ததையே பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள். இப்போது கார்டுக்கு வயதாகிவிட்டது, அம்மாவுக்கு ஆகவில்லை. தீபாவளி கழிந்ததும் அவளை வேலையிலிருந்து நிறுத்துவதாக ஆபீசில் சொல்லிவிட்டார்கள்.

எனக்கு வேலை போயாயிற்று. அவளுக்கும் போனால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். வேலையில் ஆள் இருந்தால்தான் வீடு, உனக்குத் தெரியாததா.

அம்மா மேனேஜரிடம் போய் நின்றாள். முதலில் அவர் கார்டில் இருப்பதுதான் கணக்கு என்றார். அப்புறம் மனம் இளகி, மாதாமாதம் எஸ்டேட்டுக்கு வரும் டாக்டர் அவளைப் பார்த்து வயதை மதிப்பிட்டுச் சர்ட்டிபிகேட் கொடுத்தால், தலைமை ஆபீசுக்குத் தானே எழுதுவதாகச் சொன்னார். அதோடு நின்றிருந்தால் நல்லது. மறுநாள் காலைப் பெரட்டில் எல்லோரும் வரிசையில் நிற்கும்போது ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி சிங்காரம் வேடிக்கையாக, "டாக்டர் வேற என்னத்தப் பாப்பாரு? மூஞ்சியத்தான் பாப்பாரு. ஒங்க மூஞ்சியப் பாத்தா அறுபதுன்னு எழுதிக் குடுத்துருவாரு லா, அக்கா!" என்று சொல்லியிருக்கிறான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாளாம். அன்று மாலை நான் சவரம் செய்யும் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வாசலில் வெளிச்சம் போகும்வரை உட்கார்ந்திருந்தாள். கன்னத்தை இரண்டு விரலால் மேலே தூக்குவாள், விடுவாள். தூக்குவாள், விடுவாள். பல்வலியாக்கும் என்று நினைத்தேன். உன் அப்பன் மூளை அப்படி.

வேலாயி அக்காவின் மருமகள் பவளம் ஈப்போவில் ஒரு சலூனில் தலை கழுவிவிடும் வேலை செய்கிறாள். அங்கே இருக்கும் மேடம், தொங்கிப்போன கன்னத்தை நூல் போட்டுத் தூக்கிவிடுவாளாம். கத்தி இல்லை, படுக்கை இல்லை. காதுக்கு மேலே முடிக்குள்ளே ஊசி இறங்கும். தோலுக்கு அடியிலேயே வாயோரம்வரை போய்த் திரும்பி வரும். பிறகு நூலை இழுத்து முடிக்குள்ளே முடிச்சுப் போட்டுவிட்டால் வேலை தீர்ந்தது. பாவாடை நாடாவை இழுத்துச் சுருக்குகிற மாதிரி. அன்றைக்கே பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடலாம்.

அம்மா ஈப்போவுக்குக் கோயிலுக்குப் போவதாகத்தான் என்னிடம் சொன்னாள். தலையோடு தாடையையும் சேர்த்துத் துண்டு கட்டிக்கொண்டு திரும்பி வந்தாள். பல்லைப் பிடுங்கியதாகச் சொன்னாள். நானும் நம்பி உப்புத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தேன். துண்டை அவிழ்த்த அன்றைக்குத்தான் பார்த்தேன். கன்னம் இரண்டும் ஏறி, கண் கொஞ்சம் இழுத்து, புருவம் தூக்கிக்கொண்டு நின்றது. என்னைப் பார்த்து அவள் இப்படி ஆச்சரியப்படுவது கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை என்று சொன்னேன். சிரித்துவிட்டாள். சிரித்தவள் "ஐயோ" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் உண்மை வெளியே வந்தது.

அதிலிருந்து வீட்டில் எனக்குக் கர்பியூ. சிரித்தால் நூல் இழுக்கிறதாம், ஆகையால் நான் வாயைத் திறக்கக்கூடாது. இவ்வளவு காலக் குடும்பத்தில் என் சம்பாத்தியத்தைவிட என் வாயை நம்பித்தான் அவள் இருந்தாள். இப்போது அதற்கும் ரிட்டையர்மெண்ட்.

தமாஷ் போதும். இடது பக்கம் சரியில்லை, திலகம். காதோரம் சிவந்து கல்லாக இருக்கிறது. காலையில் தலையணையில் மஞ்சளாக ஈரம் பட்டிருக்கிறது. கஞ்சியைக்கூட வாயின் ஒரு பக்கமாகத்தான் இறக்குகிறாள். அந்த நிலையிலேயே கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போய்விடுகிறாள். அது என்ன நூல், தானாகக் கரையுமா, எடுக்க வேண்டுமா என்று பவளத்துக்கும் தெரியவில்லை. மேடத்தைக் கேட்டதற்கு எல்லோருக்கும் முதலில் வீங்கத்தான் செய்யும் என்றாளாம்.

நீ நர்ஸ். இந்தக் கடிதத்தை மகளாகப் படிக்காதே, முதலில் நர்ஸாகப் படி. என்ன செய்ய வேண்டும் என்று உடனே எழுது.

அங்கே சீமைக் குளிருக்கு அடக்கமாக உடுத்திக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

உன் அப்பா,
சின்னையா

ரிங்லெட்,
30.6.1985

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் வந்தது. நர்ஸாகப் படி என்று எழுதியவன் நான்தான். நீயும் அப்படியே படித்துப் பதில் போட்டிருக்கிறாய். குறையாகச் சொல்லவில்லை. முதலில் இங்கே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

டாக்டர் வந்தார். அம்மா நல்ல சேலை கட்டி, பூ வைத்து, வீங்கிய பக்கத்தை முந்தானையால் மறைத்துக்கொண்டு போனாள். நானும் பின்னாலேயே போனேன். முந்தானையை எடுக்கச் சொன்னார். பார்த்துவிட்டு இது என்ன என்று கேட்டார். அம்மா கண் இமைக்காமல், "மலையில குளவி கொட்டிருச்சுங்க ஐயா" என்றாள். தேயிலைச் செடிக்குள் குளவிக்கூடு இருப்பதும், கொழுந்து கிள்ளும் பெண்களைக் கொட்டுவதும் நடப்பதுதானே. அவர் நம்பிவிட்டார். முகம் இப்படி இருக்கையில் வயதை மதிப்பிட முடியாது, வீக்கம் வடியட்டும், அடுத்த மாதம் பார்க்கிறேன் என்று களிம்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். உண்மையைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

அன்று ராத்திரி அவளுக்குக் காய்ச்சல். விடிந்ததும் டிரெசரைக் கூட்டி வந்தேன். அவர் அதுவரை நம் வீட்டுக்கு ஒரு கடிதம் வரும் என்பதை மட்டும்தான் அறிந்தவர். காதோரம் தொட்டுப் பார்த்ததும் முடிக்குள்ளே முடிச்சு விரலில் தட்டுப்பட்டுவிட்டது. "ஏம்மா, இது எந்த ஊர்க் குளவி? நூலெல்லாம் விட்டுட்டுப் போயிருக்கு!" என்று கத்தினார். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் நூலை எடுத்தே ஆக வேண்டும், உள்ளே சீழ் கட்டிவிட்டது, கண் பக்கம் ஏறினால் ஆபத்து என்றார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன வியாதி என்று எஸ்டேட் டாக்டருக்குத் தகவல் வந்துவிடுமாம். மூஞ்சியை இழுத்துக் கட்டி ஏமாற்றப் பார்த்தாள் என்று அவருக்குத் தெரிந்தால் சர்ட்டிபிகேட்டை மறந்துவிட வேண்டியதுதானாம். "அடுத்த மாசம் அவரு பாத்துட்டுப் போகட்டும் தம்பி, அப்புறம் மூஞ்சியவே அறுத்து எடுங்க" என்கிறாள். டிரெசர் பாவம், காலையும் மாலையும் வந்து ஊசி போடுகிறார். காய்ச்சல் இறங்குகிறது, ஏறுகிறது. ஊசியால் கொஞ்ச நாள் தள்ளலாம், அடுத்த மாதம்வரை தள்ள முடியாது என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

நீ அனுப்பிய கடிதத்தை ரகசியமாக வைத்திருக்க வேண்டியவன், அதையும் கெடுத்தேன். மகள் சொன்னாலாவது கேட்பாள் என்று அவளிடமே உரக்கப் படித்துக் காட்டிவிட்டேன். தையல் நூலில் எத்தனை வகை, சீழ் எப்படிப் பரவும், என்ன மருந்து கேட்க வேண்டும் என்று எல்லாம் தெளிவாக எழுதியிருந்தாய். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும், "வேற ஒண்ணும் எழுதலியா?" என்றாள். நான் தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. இல்லை என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

உன்னோடு பேசிவிடலாம் என்று தானா ராத்தா டவுன் போஸ்ட் ஆபீசுக்குப் போய் உன் ஆஸ்பத்திரிக்கு டெலிபோன் போட்டேன். ஒரு வெள்ளைக்காரப் பெண் என்னவோ கேட்டாள். யெஸ் என்றேன். மறுபடி கேட்டாள். மறுபடியும் யெஸ் என்றேன். நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். எதற்குச் சம்மதித்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. உன் ஆஸ்பத்திரியில் யாராவது என்னைத் தேடி வந்தால் இல்லை என்று சொல்லிவிடு.

லெம்பா பெர்த்தாமில் காய்கறி போட்டிருக்கும் இருளப்பன் மாமா நேற்று வந்தார். தோட்டத்துக் கொட்டகைக்குப் பின்னால் ஓர் அறை சும்மா கிடக்கிறது, தகரக் கூரைதான், தண்ணீர் இருக்கிறது, வந்து இருங்கள் என்றார். எனக்குச் சந்தோஷம். முட்டைக்கோஸுக்குக் காவல் இருக்க என் படிப்பு போதும். அம்மாவிடம் போய், "வீடு போனா போவுது, கழுத! வா, போயிரலாம்" என்றேன். உதட்டை அசைக்காமல் பல்லுக்குள்ளேயே பேசினாள். பக்கத்தில் குனிந்துதான் கேட்டேன்.

"திலகம் வந்தா எங்க வந்து நிப்பா? அவளுக்குத் தெரிஞ்ச வாசல் இது ஒண்ணுதான். பூட்டிக் கெடந்தா அப்புடியே பஸ் ஏறிப் போயிரும் அந்தப் புள்ள" என்றாள்.

திலகம், நீ இங்கிருந்து போய் எட்டு வருஷம் ஆகிவிட்டது. இரண்டு தடவை வருவதாக எழுதினாய், லீவு கிடைக்கவில்லை. அதை நான் கேட்கவில்லை. பிழைப்பு என்றால் அப்படித்தான். முன்பொரு கடிதத்தில் நீ அங்கே சொந்தமாக வீடு வாங்கியிருப்பதாக எழுதியதை அவளிடம் நான் இன்னும் படித்துக் காட்டவில்லை. அந்தப் பக்கத்தை மட்டும் தாண்டிவிட்டேன்.

நான் ஒரு யோசனை வைத்திருக்கிறேன். இருளப்பன் மாமா லோரியோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். சாமானை அவர் ஏற்றிக்கொள்ளட்டும், அம்மாவை நான் ஈப்போவுக்குக் கூட்டிப் போய்விடுகிறேன். வேலையை விடுகிறேன் என்று அவளே சொல்லிவிட்டால் சர்ட்டிபிகேட்டும் வேண்டாம், டாக்டருக்குப் பயப்படவும் வேண்டாம். தூக்கிக்கொண்டு போக எனக்குத் தெம்பு இல்லை. இருந்தாலும் அவள் கதவைப் பிடித்துக்கொள்வாள். அவளாக எழுந்து வர வேண்டும்.

ஆகையால் இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் ஒரு தந்தி அடி. எனக்கு வேண்டாம், அம்மா பெயருக்கே அடி. இங்கிலீஷில் இருந்தால் டிரெசர் படித்துச் சொல்வார். நூலைப் பற்றி எழுதாதே, சீழைப் பற்றி எழுதாதே. அதெல்லாம் இங்கே எல்லோரும் சொல்லிப் பார்த்தாயிற்று. நீங்கள் எங்கே இருக்கிறீர்களோ அங்கே தேடிக்கொண்டு வருவேன் என்று மட்டும் எழுது. எப்போது என்று எழுத வேண்டாம். முடியாத தேதியைக் கொடுத்துவிட்டு நீ அங்கே வருந்திக்கொண்டிருக்க வேண்டாம்.

அது நிஜமாக இருந்தால் எனக்கும் சந்தோஷம். இல்லாவிட்டாலும் அடித்துவிடு, தாயி. அவள் பிழைத்துக்கொள்ளட்டும், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

முருகன் உனக்குத் துணை இருப்பான். நீ எங்கே இருந்தாலும் நன்றாக இரு.

உன் அப்பா,
சின்னையா