சவர்க்காரக் கடைகளின் வரைபடம்

இன்று என் ஊரான பன்விலவுக்குப் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த பெண் கைப்பையிலிருந்து சின்னப் போத்தல் ஒன்றை எடுத்து, லேஞ்சியில் இரண்டு துளி விட்டு மூக்கருகே வைத்துக்கொண்டார். ஓடிக்கொலோன். வத்தேகம தாண்டி வளைவுகள் தொடங்கியதும் அந்த வாசனை பஸ் முழுக்கப் பரவியது. கண்ணை மூடினேன். யன்னல் பக்கத்தில் நீர் இருந்தீர். அதே வெளிறிய முகம், அதே ஈர லேஞ்சி. "இன்னும் எத்தினை வளைவு?" என்று கேட்டீர். எண்ணிச் சொல்வதற்குள் நடத்துனர் என் தரிப்பிடத்தின் பேரைக் கூவிவிட்டார்.

நீர் போய் நாற்பது நாளாகிறது. உமது தம்பி அனுப்பிய இரண்டு வரிச் செய்தி இன்னும் கைத்தொலைபேசியில் இருக்கிறது. அவருக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. அதனால் உமக்கே எழுதுகிறேன்.

'நீர்' என்று எழுதும்போது இப்போதும் சிரிப்பு வருகிறது. கண்டியில் நாம் இருவரும் ஒரே கணினிக் கம்பனியில் சேர்ந்த முதல் நாள், "நீர் பன்விலவோ?" என்று கேட்டீர். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் யாரும் யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஐயர் தெளிப்பதுதான் எனக்குத் தெரிந்த நீர். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். உமக்குக் கோபம். "உங்கட ஊரில எப்பிடிக் கதைப்பினம்?" என்றீர். "நாங்க நீங்கன்னு சொல்லுவோம்ங்க" என்றேன். ஒரு மாதத்துக்குள் நானும் உம்மை நீர் என்றே அழைக்கத் தொடங்கினேன். பன்விலயில் அம்மா அதைக் கேட்டுவிட்டு, "யாழ்ப்பாணத்துக்காரி ஆயிட்டியா?" என்றார்.

போர் மூண்டு, வடக்குக்குப் போகும் பாதை மறுபடி மூடப்பட்ட காலம் அது. பேராதனையில் படிக்க வந்த நீர் வீட்டுக்குப் போக வழியில்லாமல் கட்டுக்கலையில் ஒரு வீட்டில் போர்டிங் இருந்தீர். கம்பனிக்காரர் அதை மூடிவிட்டு வெளிநாடு போனபோது நாம் இருவரும் சேர்ந்து, ஒரு கண்ணாடிக் கடையின் மேல்மாடி அறையை எடுத்துக்கொண்டோம். யன்னலைத் திறந்தால் தகரக் கூரைகளுக்கு அப்பால் வாவியின் ஒரு துண்டு தெரியும். காலையில் பனிமூட்டம் அதையும் மூடிவிடும். உலகத்தில் நாமும் இரண்டு கணினிகளும் மட்டும் மிதப்பதுபோல இருக்கும்.

நாம் செய்த வேலையை அம்மாவுக்கு விளங்கப்படுத்த எனக்கு ஒருபோதும் முடியவில்லை. வியாபாரிகளின் விற்பனைத் தரவுகளை வாங்கி, அவர்கள் எந்தக் கணினியிலும் இணையத்தில் திறந்து பார்க்கக்கூடிய ஒரு பக்கமாக, அவரவர் தேவைக்கேற்பச் செய்துகொடுப்போம். எது ஏறுகிறது, எது இறங்குகிறது, ஏன் என்று அந்தப் பக்கம் காட்ட வேண்டும். திரையில் தெரிவது என் வேலை. அதற்கு அடியில் ஓடும் எண்கள் உமது வேலை. எண்களோடு நீர் பேசுவீர். "ஏன் கண்ணா இப்பிடி விழுந்தனீ?" என்று ஒரு கோட்டைப் பார்த்துக் கேட்பீர்.

எங்கள் முதல் பெரிய வாடிக்கையாளர் ஹாஜியார். மலையெங்கும் உள்ள சின்னக் கடைகளுக்குச் சவர்க்காரமும் பிஸ்கட்டும் பால்மாவும் லொறியில் அனுப்பும் மொத்த வியாபாரி. "மகள், என்ட சாமான் எங்க போகுது, எங்க தேங்கி ஈக்கிது, ஒரே பார்வையில எனக்கி தெரியணும்" என்றார். நீர் அவருக்காக மலைநாட்டின் வரைபடத்தையே பக்கமாக்கினீர். ஒவ்வொரு கடையும் ஒரு புள்ளி. விற்பனை ஏறினால் பச்சை, விழுந்தால் சிவப்பு.

முதல் வடிவத்தைப் பார்த்ததுமே ஹாஜியார், ஹுன்னஸ்கிரியவுக்கு அப்பால் ஒரு தோட்டத்துக் கடையைக் காட்டினார். மாதக்கணக்காகச் சிவப்பு. "இத வெட்டிடலாம். லொறி சும்மா ஏறுது." நான் தலையாட்டினேன். நீர் ஆட்டவில்லை. வெளியே வந்ததும், "போய்ப் பாக்காமல் எப்பிடி வெட்டுறது? நாங்கள் கீறின புள்ளிதானே அது" என்றீர்.

பஸ்ஸேறினாலே தலைசுற்றும் உமக்கு. ஆனாலும் மறுநாளே லேஞ்சியும் ஓடிக்கொலோனுமாக என்னை இழுத்துக்கொண்டு போனீர். அந்தப் பயணம் எனக்குச் சத்தமில்லாத படம்போலத்தான் நினைவில் வருகிறது. பஸ் பனிமூட்டத்துக்குள் போய்ப் போய் வெளியே வந்தது. ஒவ்வொரு முறை வரும்போதும் வேறொரு நாட்டுக்கு வந்தது போலிருந்தது. சோதனைச் சாவடியில் எல்லோரும் இறங்கினோம். யாழ்ப்பாண முகவரியுள்ள உமது அடையாள அட்டையை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். நீர் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றீர், அந்த அட்டை வேறு யாருடையதோ என்பதுபோல.

சந்தியில் இறங்கித் தேயிலைக்குள்ளால் மழையில் ஏறினோம். கடைக்கார அக்கா எங்களைக் கண்டதும் பலகையைத் துடைத்துப் போட்டார். "ஒக்காருங்க தங்கச்சி. லொறி எங்க மேல வருது? மண்ணு சரிஞ்சி ரோடு போச்சு. சாமான கீழ சந்திக் கடையில போட்டுட்டுப் போயிர்றாங்க. நாங்கதான் தலையில தூக்கிட்டு வாறோம்."

நீர் என்னைப் பார்த்தீர். சந்திக் கடை எங்கள் வரைபடத்தில் பளபளவென்ற பச்சை. மேலே விற்ற சவர்க்காரம் எல்லாம் கீழே எழுதப்பட்டிருந்தது. எண்ணில் பிழையில்லை, இடத்தில்தான் பிழை. தோட்டத்தின் மூன்று டிவிஷனுக்கும் மேலே இருந்த அந்த ஒரு கடைதான். அதை வெட்டலாம் என்று எங்கள் வரைபடமே ஏறக்குறையச் சொல்லியிருந்தது. திரும்பும் பஸ்ஸேறினோம். தெல்தெனிய வந்ததும், "சாமான் இறக்கின இடம் வேற, விக்கிற இடம் வேற. ரெண்டையும் வேற வேறயாப் பதியவேணும்" என்றீர். அந்த வாரமே மாற்றினீர். அந்தப் புள்ளி பச்சையானபோது, கிளாஸில் இருந்த பிளேன்டித் தேநீரை நாம் இருவரும் குடித்துக் கொண்டாடினோம்.

இனி எழுத வேண்டியதை எழுதத்தான் இவ்வளவு சுற்றினேன்.

ஹாஜியாருக்கும் அவருடைய மகன்மாருக்கும் முழுப் பக்கத்தையும் காட்ட வேண்டிய நாள். காலை பத்து மணிக்கு, உமக்கு முன்னால் வந்து, அவர் கடைப் படிக்கட்டில் நான் கால் வைத்தபோது, கைத்தொலைபேசி ஒலித்தது. உமது போர்டிங் அன்ரி. "பிள்ளை, இஞ்ச சுற்றிவளைப்பு. அவளைப் பொலிஸ் கொண்டு போட்டுது. லப்டொப்பையும் எடுத்துக்கொண்டு போட்டினம். கெதியா வாரும்."

நான் வரவில்லை. அந்த லப்டொப்பில் மலைநாட்டு வரைபடம் இருந்தது, நிறையச் சிவப்புப் புள்ளிகளோடு, அணைக்கட்டுப் பக்கம்கூட இரண்டு. தாக்குதலுக்குக் குறித்த இடங்களாகத்தான் அவர்கள் அதைப் பார்ப்பார்கள் என்று படியில் நின்றபடியே எனக்கு விளங்கியது. என் கைப்பையிலும் ஒரு தமிழ்ப் பெயருள்ள அட்டை. போனால் நானும் உள்ளே. இந்த வேலையும் கைவிட்டுப் போகும். எந்தக் கணினியிலும் திறக்கும் என்றுதானே நாம் அதைச் செய்திருந்தோம்? நீர் இல்லாமலே காட்டலாம். நான் படியேறினேன்.

"அவங்களுக்குச் சொகமில்லைங்க" என்றேன். ஹாஜியாரின் கணினியில் உமது பக்கத்தைத் திறந்து, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் காட்டினேன். நன்றாகவே காட்டினேன். மகன்மார் கேள்வி கேட்டார்கள், நான் சிரித்தேன்கூட. ஹாஜியார் அந்தத் தோட்டத்துக் கடையைத் தேடி, "இது எப்பிடிப் பச்சையாச்சு?" என்று கேட்டார். நீர் மழையில் ஏறிய கதையைச் சொல்லத் தொடங்கி, பாதியில், "அவங்களப் பொலிஸ் புடிச்சிட்டாங்க" என்றேன்.

அவர் எழுந்த வேகத்தில் கதிரை விழுந்தது. "இத மொதல்ல செல்லணும் மகள்!" தொப்பியை எடுத்தார், லொறிப் பதிவுப் புத்தகத்தையும் எடுத்தார். நேரே பொலிஸ் நிலையத்துக்குப் போனோம்.

நிலையத்தில் ஒரு வாங்கில் நீர் நேராக உட்கார்ந்திருந்தீர். மேசையில் லப்டொப் திறந்து கிடந்தது. அதிகாரி ஒரு சிவப்புப் புள்ளியில் விரலை வைத்திருந்தார். குரல் கம்மிப்போய், "சபன், மாத்தயா, சபன்" என்று சொல்லிக்கொண்டிருந்தீர். சவர்க்காரம், ஐயா, சவர்க்காரம். காலையிலிருந்து அதையே எத்தனை முறை சொன்னீரோ. ஹாஜியார் புத்தகத்தை விரித்து ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கடைப் பெயர் காட்டினார். கொஞ்ச நேரம் கழித்து அதிகாரி சிங்களத்தில் மெல்ல, "என் ஊர்க் கடையும் இதில் இருக்கிறதா?" என்று கேட்டார். நீர் தேடிக் காட்டினீர். பச்சை. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, கையெழுத்து வைத்துவிட்டுப் போகச் சொன்னார். லப்டொப்பை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

வெளியே மாலை வெயில் வாவியில் விழுந்திருந்தது. ஆட்டோவில் என் தோளில் சாய்ந்துகொண்டு ஒன்றே ஒன்று கேட்டீர்: "ஹாஜியாருக்குப் பக்கம் பிடிச்சதோ?"

"ஓம்" என்றேன், உமது ஊர்ச் சொல்லால்.

எனக்கு எப்போது தெரியும், ஏன் பிந்தினேன் என்று நீர் கேட்கவில்லை. மறுநாள் வேலைக்கு வந்தீர். போர் முடிந்த அடுத்த வருடம் கனடாவுக்குப் போனீர். ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவோம். பிள்ளைகள், குளிர், அங்கேயும் உமது வேலை எண்களோடுதான் என்ற கதைகள். அந்தக் காலை மட்டும் நமக்கிடையில் பனிமூட்டம்போல் நின்றது. நான் அதற்குள் போகவேயில்லை.

உமக்கு நோய் முற்றிய பிறகு, கடைசிக்கு முந்திய ஞாயிறு, சொன்னேன். பத்து மணிக்கே தெரியும், தெரிந்துகொண்டுதான் படியேறினேன் என்று.

"தெரியும்" என்றீர். "அண்டைக்குப் பின்னேரமே அன்ரி சொன்னவ."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"கேட்டா நீர் அழுதிருப்பீர். ரெண்டு பேரும் அழுதா அடுத்த நாள் ஆர் வேலை செய்யிறது?" சிரிக்கப் பார்த்தீர், இருமல் வந்தது. அது அடங்கியதும் சொன்னீர்: "விடும். நானெண்டாலும் மேலதான் ஏறியிருப்பன்."

நீர் ஏறியிருக்க மாட்டீர். முகம் தெரியாத ஒரு கடைக்காக வளைவு வளைவாக வாந்தியெடுத்துக்கொண்டு மலையேறியவர் நீர். எனக்கென்றால் அந்தப் படியிலிருந்தே ஓடி வந்திருப்பீர். அது எனக்குத் தெரியும் என்பதும் உமக்குத் தெரியும். ஆனாலும் மீதமிருந்த மூச்சில் எனக்காக ஒரு பொய் சொன்னீர்.

அதை நான் வைத்திருக்கிறேன். அதற்கு ஈடாகச் செய்ய எனக்கு ஒன்றுதான் தெரிகிறது. இப்போதெல்லாம் கைத்தொலைபேசி ஒலித்தால், யார் எவர் என்று பார்ப்பதற்கு முன்பே எழுந்து செருப்பைத் தேடுகிறேன். அநேகமாக அது தவறான இலக்கமாகத்தான் இருக்கும். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றபடி, "இல்லீங்க, இது வேற நம்பர்" என்கிறேன்.