பாதிக் குளிசைகள்

தர்மபுரம்,
24.04.1999

அன்பின் சுமித்திராவுக்கு,

நீ நம் பிள்ளையின் மருந்தைக் களவெடுக்கிறாய். சுகம் விசாரிப்பதற்கு முன்னால் இதை எழுத வேண்டியிருக்கிறது.

சுவிஸிலிருந்து கொழும்புக்கு வந்தவரிடம் நீ கொடுத்துவிட்ட குளிசைகளை, வருஷப் பிறப்புக்கு இரண்டு நாள் முந்தி நேசமலர் ரீச்சர் கொண்டுவந்து தந்தா. சீலைக் கரைக்குள் வைத்துத் தைத்து, வவுனியாச் சோதனைச் சாவடியைத் தாண்டியிருக்கிறா. "தலையிடிக் குளிசைக்கே ஆயிரம் கேள்வி. இது பிடிபட்டிருந்தா நான் இண்டைக்கு உள்ளுக்கதான்" என்று சிரித்தா. தையலைப் பிரித்தால் எல்லாம் பாதிக் குளிசைகள். மறைத்துத் தைக்க வசதியென்று வெட்டியிருப்பாய் என நினைத்து, அப்படியே மார்கிறட்டிடம் கொடுத்துவிட்டேன். போன கடிதத்தில் எழுதியிருந்தேனே, முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து பக்கத்துக் கொட்டிலுக்கு வந்தவள். அவளுடைய மகள் கம்சாவுக்கும் நம் தயாளினியைப் போலவே வலிப்பு.

நேற்று உன் கடிதம் வந்தது. தயாளினி பள்ளிக்கூடத்தில் மறுபடி இரண்டு தரம் விழுந்தாள் என்று எழுதியிருக்கிறாய். இரத்தத்தில் மருந்து ஏன் இவ்வளவு குறைவென்று டொக்டருக்கு விளங்கவில்லையாம். பிள்ளை துப்புகிறாளோ என்று அவா கேட்க, நீ ஓம் என்று தலையாட்டினாயாம். தயாளினி ஒரு நாளும் துப்பினவள் இல்லை, சுமி. வேப்பெண்ணெய் கொடுத்தாலும் விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டுகிற பிள்ளை.

மார்கிறட்டிடமிருந்து அவள் மருந்து போட்டுவைத்திருந்த தகர ரின்னை வாங்கி, குளிசைகளைப் பாயில் கொட்டி, பாதியோடு பாதியைப் பொருத்திப் பார்த்தேன். ஒன்றுகூடப் பொருந்தவில்லை. மற்றப் பாதிகள் எங்கே போயின என்று அப்போதுதான் விளங்கியது. முழுக் குளிசை விழுங்க வேண்டிய தயாளினிக்கு நீ அவற்றை மட்டும்தான் கொடுத்திருக்கிறாய்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதைவிடக் கோபம் வேறு இடத்தில் இருக்கிறது. வன்னிக்குப் போகிற மருந்துப் பட்டியலைக் கொழும்பில் ஒருவன் பேனையால் வெட்டினான். அவனுடைய பிள்ளைக்கு வலிப்பு வந்திருக்காது. அவன் வெட்டியதால்தான், தயாளினி இங்கே இருந்தபோது ஆஸ்பத்திரியில் பாதி பாதியாகக் கொடுக்கச் சொன்னார்கள். பாக்குவெட்டியை எடுத்து முதல் குளிசையை வெட்டியது நான். கம்சாவைப் பற்றி உனக்கு எழுதியதும் நான். இந்தக் களவில் எனக்கும் பங்கு உண்டு.

அந்த டொக்டரைப் பற்றி நீ முன்பு எழுதியதை மார்கிறட்டுக்கு மூன்று தரம் வாசித்துக் காட்டியிருக்கிறேன். பிள்ளை பயந்து அழுதபோது தரையில் குந்தியிருந்து, தலையில் ஒட்டுகிற வயர்களை முதலில் தன் தலையில் ஒட்டிக் காட்டினாவே, அந்த இடத்தை. நாங்கள் எத்தனை கந்தோர் ஏறி இறங்கினோம்? யார் எங்களை இருக்கச் சொல்லிக் கதிரையைக் காட்டினார்கள்? வன்னியை விட்டு வெளியேற உங்களுக்குப் பாஸ் எடுக்க வரிசையில் நின்றபோது, "தோட்டக்காட்டாருக்கும் இப்ப சுவிஸ் கேக்குதோ?" என்று, நாங்கள் மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்களென்று குத்தி, என் காதுபடவே ஒருவர் கேட்டார். நீங்கள் போவதற்கு நான் இங்கேயே பிணையாகப் பொறுப்பு நிற்க வேண்டும் என்றார்கள். நிற்கிறேன். அப்படிப்பட்ட எங்கள் பிள்ளைக்கு முன்னால் ஒரு டொக்டர் தரையில் இருந்தா. காலையில் எழும்பியதும் முகம் தெரியாத அந்த மனுசியைத்தான் நினைக்கிறேன். அவாவிடம் போய்ப் பொய் சொல்லிவிட்டாய்.

மார்கிறட்டிடமும் நேற்றே உண்மையைச் சொன்னேன். "பன்ரண்டு நாளாப் பிள்ளை விழேல்லை எண்டு மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்திக்கொண்டிருந்தன் அண்ணை. இது உங்கட பிள்ளையின்ர பங்கெண்டு தெரிஞ்சா தொட்டிருப்பனே?" என்றாள். ரின்னைத் திரும்ப வாங்க மாட்டேன் என்று உள்ளே போய்விட்டாள். இன்று காலை ஆஸ்பத்திரியில் விசாரித்தேன். திடீரென்று நிறுத்தினால் முன்னையைவிட மோசமாக வரும் என்றார்கள். அதைச் சொல்லித்தான் ரின்னை அவள் கையில் திணித்தேன். அதில் இருப்பது மே மாதக் கடைசிவரை காணும். அதற்குப் பிறகு கம்சாவுக்கு ஒன்றும் இல்லை.

இப்போது நான் சொல்வதைச் செய். இந்தக் கடிதம் கிடைத்த நேரத்திலிருந்து தயாளினிக்கு முழுக் குளிசை கொடு. மே இருபதாம் திகதி டொக்டர் மருந்தைக் கூட்டப் போகிறா என்று எழுதியிருக்கிறாய். அதற்கு முன்னால் போய் உண்மையைச் சொல். நீ சொன்ன பொய்யை வைத்து அவா மருந்தைக் கூட்டினால், அதைத் தாங்க வேண்டியது பிள்ளையின் உடம்பு. சொன்ன பிறகு, கம்சாவுக்காகவும் வாய் திறந்து கேள். களவெடுக்காதே, கேள். தரையில் குந்தியிருந்த மனுசி காது கொடுத்தாவது கேட்பா.

மற்றப்படி நான் சுகம். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வந்து, சிறுபோகத்துக்கு வயல் உழுகிற வேலை கிடைத்திருக்கிறது. பிள்ளைக்கு என் முத்தம். அவள் விழாமல் ஓடித் திரிய வேண்டும், வேறொன்றும் வேண்டாம்.

இதைத் திங்கட்கிழமை நேசமலர் ரீச்சர் வவுனியாவில் தபாலில் போடுவா. உறையின் மடிப்புக்குள் ஒரு பாதிக் குளிசையை ஒட்டியிருக்கிறேன். சொல்ல உனக்கு வாய் வராவிட்டால், அதை எடுத்து டொக்டரின் மேசையில் வை. வைத்த அன்றே எனக்கு எழுது.

அன்புடன்,
ரூபன்

மே இருபதுக்கு முந்தி, சுமி. வைத்தேன் என்று ஒரே ஒரு வரி எழுது.