இடப்பக்க இடுப்பெலும்பு

அன்பு மகன் எய்லிஃபுக்கு,

நீயும் உன் மனைவியும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே அப்பாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, மழை குறையவில்லை. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, வயிறுதான் எரிகிறது. காரணம் நீ.

அருங்காட்சியகத்தில் நீலத் திமிங்கலத்தை இறக்கிச் சுத்தம் செய்கிறோம் என்று சொன்னேன் அல்லவா? நூறு வருஷம் கழிந்தும் எலும்பில் எண்ணெய் கசிகிறது, என் தலைமுடி வரை அந்த வாடை, அப்பா தள்ளிப் படுக்கிறார். அது போகட்டும், துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டே வந்தால் இடப்பக்க இடுப்பெலும்பைக் காணோம். காலில்லாத திமிங்கலத்துக்கு அது ஒரு முழ நீளச் சின்ன எலும்புதான், முதுகெலும்போடு ஒட்டாமல் தனிக் கம்பியில் தொங்குவது, கழற்றினாலும் யாருக்கும் தெரியாது. முன்பு அதைப் பராமரித்தவள் ராக்னா. ஓய்வு பெற்ற பிறகும் சம்பளமில்லாமல் வந்து எங்களோடு எலும்பு தேய்க்கிறவள். புது இயக்குநர் ஸ்டெய்னார் காப்பி நேரத்தில், "அந்தம்மா வீட்டு அலமாரியத் தொறந்து பாருங்க, கெடைக்கும்" என்று சிரித்தான். ராக்னா வாஃபிள் தட்டை வைத்துவிட்டு, "நான் எடுக்கலப்பா" என்று மட்டும் சொல்லிக் கோட்டை எடுத்துக்கொண்டு போனாள், திரும்ப வரவில்லை. நான் அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டேன். முதலில் என் வீட்டைச் சோதனை போடு என்று கத்தினேன். எவ்வளவு பெருமையாகக் கத்தினேன் தெரியுமா?

மறுநாள் உன் படம் வந்தது. குழந்தை, பிறந்தநாள் கேக், பின்னால் ஜன்னலோரம் புத்தகங்களுக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது அந்த எலும்பு! அதன் ஜோடியைக் கையில் வைத்துத் தேய்க்கிறவளுக்கு அடையாளம் தெரியாதா? போனில் கேட்டால், "சின்ன வயசுல எடுத்ததும்மா, பிசின்ல ஒண்ணு வார்த்து மாட்டிடுங்களேன், யாருக்குத் தெரியப்போவுது" என்கிறாய், சிரிப்பு வேறு. சனிக்கிழமைதோறும் உன்னை உள்ளே விட்டு ஏணி போட்டுக் காட்டியவள் ராக்னாடா. அந்த ஏணியில் ஏறித்தானே திருடினாய்?

எடுத்தது என் மகன் என்று ஸ்டெய்னாரிடம் சொல்லிவிட்டேன். என் வாயால் சொன்னேன். அவன் மன்னிப்புக் கேட்கப் போனான், ராக்னா கதவைத் திறக்கவில்லை. நான் போனேன், எனக்கும் திறக்கவில்லை. வார்ப்பெலும்பு மாட்ட நான் விடமாட்டேன். தபாலிலும் அனுப்பாதே. திமிங்கல எலும்பை நாடு விட்டு நாடு கொண்டுவர வேண்டிய அனுமதிக் காகிதத்தை அருங்காட்சியகம் அனுப்பும், கம்பளியில் சுற்றி நீயே கொண்டு வா. நேரே அவள் வீட்டுக்குப் போ. திறக்கும் வரை மழையில் நில்.

குழந்தை நோய் நொடியில்லாமல் வளரட்டும், அவளுக்கு என் முத்தம். உனக்கும் ஆசீர்வாதம் உண்டு, வந்து வாங்கிக்கொள். இன்றே மறக்காமல் அந்தப் புத்தகங்களை எடுத்துக் கீழே வை. இங்கே கம்பி வெறுமனே தொங்குகிறது, அதில் எலும்பை மாட்டப்போவது ராக்னாவின் கைதான்.

கோபம் தீராத உன் அம்மா,
குன்வோர்