டி பகுதியில் இருந்த முகம்

2008, வியாழன் இரவு

எங்கள் ஸ்டூடியோவில் இருப்பது ஒரே கணினி, அதில் இரண்டு இயங்குதளம். எனக்கு லினக்ஸ், கூட்டாளி றபீக்குக்கு விண்டோஸ். படங்கள் மட்டும் இரண்டுக்கும் பொதுவான, வன்தட்டின் டி பகுதியில்.

நேற்று ஆமி சுற்றிவளைப்பு என்றதும் றபீக் விண்டோஸை மூடாமல், இருந்த நிலையிலேயே உறங்கவைக்கும் ஹைபர்நேட்டில் விட்டு ஓடிவிட்டான். அவசரத்தில் எல்லோரும் அப்படித்தான். அது தெரியாமல் காலையில் நான் லினக்ஸைப் போட்டேன்.

கிரானிலிருந்து ஒரு அம்மா வந்தார். காணாமல்போன மகனின் ஒரே படம் அவருடைய போனில். அதை டியில் ஏற்றினேன்.

"போனில இருக்கிறத அழிச்சிரு தம்பி. திரும்பிப் போகக்குள்ள செக்பொயின்ரில போன வாங்கிப் பாப்பானுகள்."

அழித்தேன். பிரின்ட் எடுக்கமுன் கரண்ட் போனது. நாளை வரச் சொன்னேன்.

மத்தியானம் கரண்ட் வந்ததும் றபீக் விண்டோஸை எழுப்பினான். அது நேற்று விட்ட இடத்திலிருந்தே எழும்பியது. தனக்குத் தெரிந்த நேற்றைய டியை இன்றையதன் மேல் எழுதிவிட்டது. படம் இல்லை.

"என்னட்டக் கேக்காம ஏன்டா லினக்ஸப் போட்டாய்?"

"நீ ஏன் மூடாமப் போனாய்?"



நாளை அந்த அம்மா போனையும் கொண்டுவருவாரோ தெரியாது. கொண்டுவந்தாலும் அழித்தது திரும்பி வருமோ.

காலையில் போகும்போது அவர் சொன்னார்: "முத்திர அளவில சின்னதா அடிச்சு வை தம்பி. முந்தானையில முடிஞ்சு கொண்டு போறன்."