நல்லம்மாளின் வலக்கை

கோல சிலாங்கூர்

அன்புள்ள ஷாமளா,

நான் நலம். உன் முழங்கால் வலியும் அத்தையின் இரத்த அழுத்தமும் எப்படியுள்ளன என்பதை மறைக்காமல் எழுது.

ஐம்பது வயதில் மறுபடி வகுப்பா என்று சிரித்தாயே. அல்ட்ராசவுண்ட் திரையில் நரம்பைப் பார்த்து ஊசி போட்டுக் கையை மட்டும் மரத்துப்போகச் செய்யும் முறையை, இன்று யார் உதவியுமின்றி நானே செய்தேன். நோயாளி பக்கத்து ஊரான அசாம் ஜாவாவைச் சேர்ந்த நல்லம்மாள்; வலது மணிக்கட்டு முறிவு. நுரையீரல் பலவீனமானதால் முழு மயக்கம் ஆபத்து. ஊசிமுனை திரையில் தெரியாவிட்டால் மேற்கொண்டு செலுத்தக் கூடாது என்பது விதி. இருமுறை தெரியவில்லை, இருமுறையும் நிறுத்தினேன். அறுவை அறையிலிருந்த மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். மூன்றாம் முறை தெரிந்தது.

அறுவையின் நடுவே அவர், "டாக்டர் ஐயா, என் கை ஒட்டிக்கிட்டுதானே இருக்கு?" என்றார்.

"பத்திரமா இருக்கும்மா."

"வேலை முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துடுங்க லா."

என் பழைய கண்ணாடியையும் எலுமிச்சை ஊறுகாயையும் அனுப்பு. புட்டியின் மேல் உன் கையாலேயே என் பெயரை எழுது.

நல்லம்மாளின் கையில் உணர்வு திரும்புகிறதா என்று கவனிப்பது தாதியின் வேலைதான். ஆயினும் விடுதிக்குத் திரும்ப எனக்கு அவசரமில்லை. அவர் படுக்கையருகே அமர்ந்தே இதை எழுதுகிறேன். சுண்டுவிரல் அசைகிறதாம், பார்க்கச் சொல்லிக் கூப்பிடுகிறார். நிறுத்துகிறேன்.

உன்,
சுகுமாரன்